பாதத்தில் ஒரு பெருக்கல் குறி

அறுவை அரங்கிலிருந்து நோயாளியை வார்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் மாற்றியதும் நர்ஸ் கையில் எடுப்பது ஒரு மார்க்கர் பேனா. பாதத்தின் மேற்புறத்தில், கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து மேலேறும் பள்ளத்தில், இரண்டு விரல்களைப் பதமாக வைத்துப் பார்க்கிறார். அழுத்தினால் துடிப்பு நின்றுவிடும், வெறுமனே வைத்தால் தெரியாது. துடிப்பு தட்டுப்பட்ட இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுகிறார். கணுக்காலின் உட்புற எலும்புக்குப் பின்னால் இன்னொரு குறி. இரவு இரண்டு மணிக்கு வேலைக்கு இருக்கும் வேறொரு நர்ஸ் மங்கலான விளக்கில் நாடியைத் தேடித் தடவிக்கொண்டிருக்கக் கூடாது. குறி இருந்தால் விரல் நேராக அங்கே போகும்.

இது மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காக ஒரு காலுக்கு மட்டும் கீமோதெரபி கொடுக்கப்பட்ட நோயாளியின் பாதம். ‘தனிமைப்படுத்திய அவயவச் செலுத்தல்’ என்று இந்த சிகிச்சையைத் தமிழில் சொல்லலாம். பெயர் கொஞ்சம் கரடுமுரடுதான். காலை வெட்டாமலே ஒரு மணி நேரம் உடம்பிலிருந்து பிரித்து வைத்து, அந்த நேரத்துக்குள் காலுக்கு மட்டும் கடும் மருந்தைச் செலுத்தி, கழுவி, மறுபடி உடம்போடு சேர்த்துவிடுவதுதான் விஷயம். உலகம் முழுக்கவே குறைந்த மையங்களில்தான் நடக்கிறது. அறுவை நிபுணரின் வேலை அன்று மாலையோடு ஏறக்குறைய முடிந்துவிடும். கால் பிழைக்குமா என்பது அடுத்த சில நாட்களில், மணிக்கொரு முறை அந்தப் பெருக்கல் குறியைத் தொடும் விரல்களின் கவனத்தில் இருக்கிறது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் தோல் தொழில் வட்டாரத்தில் ‘தோல் புற்றுநோய்’ என்று யாராவது சொன்னால் அடுத்த நொடியே வரும் கேள்வி, “தோல் ஷாப் கெமிக்கலாலயா?” கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆற்று மணலிலும் கிணற்று நீரிலும் உப்பையும் குரோமியத்தையும் பார்த்த ஊர்கள் இவை. குரோமியம் உப்புகளைக் கையாளும் தொழிலாளர்களின் கையில் அரிப்பும் ஆறாத புண்ணும் வருவது பழைய செய்தி. ஆறு இணைதிறன் குரோமியத்தை மூச்சில் இழுப்பது நுரையீரல் புற்றுக்கு வழி. தோல் தூசு மூக்கறையிலும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. ஷூ கம்பெனியில் முகக் கவசம் கேட்பது சொகுசுக்காக இல்லை என்பதற்கு இந்த ஒரு வரி போதும். ஆனால் பாதத்தில் வரும் மெலனோமாவின் கதை வேறு. தோல் ஷாப் வாசலையே மிதிக்காதவருக்கும் அது வருகிறது.

தோலுக்கு நிறம் தரும் செல்கள் மெலனோசைட்டுகள். கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் அவற்றின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது, அவை தயாரிக்கும் மெலனின் நிறமியின் அளவிலும் வகையிலும்தான் வித்தியாசம். இந்தச் செல்கள் கட்டுமீறிப் பெருகுவதுதான் மெலனோமா. வெள்ளைத் தோலில் அதற்கு முதல் காரணம் வெயில். அதனால்தான் ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஐம்பதை ஒட்டியவர்களுக்கு இது வருகிறது. இந்தியாவில் லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. மெலனின் நமக்குக் குடை பிடிக்கிறது. ஆனால் வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய மூன்று இடங்களில் குடைக்கு வேலையில்லை, நோய்க்கு வேறு வழி இருக்கிறது. இந்தியர்களுக்கு வரும் தோல் மெலனோமாவில் பாதம்தான் முக்கியமான இடம். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு வந்ததும் இந்த வகைதான். கால் கட்டை விரல் நகத்தடியில் தொடங்கியது, 1981-ல் 36 வயதில் உயிரை எடுத்தது.

உள்ளங்காலில் ஏன் வருகிறது என்பதற்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு வரைபடத்தை முன்வைத்தார்கள். பல நோயாளிகளின் உள்ளங்கால் கட்டிகளை ஒரே பாத வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தபோது, அவை குதிகாலிலும் விரல்களுக்குக் கீழுள்ள மேட்டிலும் மொய்த்தன. நடக்கும்போது எடை அழுந்தும் இடங்கள் அவை. எடை படாத உள்வளைவில் புள்ளிகள் குறைவு. அழுத்தம்தான் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் ஊரில் இந்தப் படத்தை எளிதில் மறக்க முடியாது.

உள்ளங்கால் தினமும் மிதிபடும் இடமாயிருந்தும் யார் கண்ணிலும் படுவதில்லை. கறுப்பாக ஒரு புள்ளி பரவினால் கால் ஆணி என்று பிளேடால் சீவிவிடுகிறார்கள். மரு என்று ஆசிட் வைக்கிறார்கள். நகத்தடியில் கறுத்தால் எங்கோ இடித்துக்கொண்டதாக நினைக்கிறார்கள். சர்க்கரை நோயாளியாக இருந்தால் சர்க்கரைப் புண் என்று மாதக்கணக்கில் கட்டுப் போடுவதும் உண்டு. அதற்குள் நோய் நிணநீர்க் குழாய்களில் ஏறிவிடுகிறது. பாதத்தில் கிளம்பும் புற்றுச் செல்கள் போய்ச் சேர வேண்டிய இடம் தொடையிடுக்கில் உள்ள நிணநீர்க் கணுக்கள். சில செல்கள் நடுவழியிலேயே தங்கிவிடும். ஆம்பூரில் பஸ் ஏறி வேலூரில் இறங்க வேண்டியவர்களில் நாலு பேர் மாதனூரிலும் பத்துப் பேர் பள்ளிகொண்டாவிலும் இறங்கி அங்கேயே குடித்தனம் வைத்தது போல, கெண்டைக்காலிலும் முழங்காலுக்கு மேலும் மிளகு மிளகாகக் கறுப்புக் கட்டிகள் முளைக்கின்றன. ஒன்றிரண்டு என்றால் வெட்டி எடுக்கலாம். நாற்பது ஐம்பது என்றால்? ஒரு காலத்தில் இதற்கு ஒரே பதில், காலை எடுப்பது.

1957-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் டுலேன் பல்கலைக்கழக மருத்துவர்களிடம் வந்த 76 வயதுக்காரர் ஒருவர் அந்தப் பதிலை ஏற்கவில்லை. கால் முழுக்க மெலனோமா, ஆனாலும் வெட்ட விட மாட்டேன் என்றார். ஆஸ்கர் கிரீச், எட்வர்ட் கிரெமென்ட்ஸ் இருவரும் வேறொரு வழி யோசித்தார்கள். அதற்கு நாலு ஆண்டுகளுக்கு முன்புதான் ஜான் கிப்பன் இதயம்-நுரையீரல் இயந்திரத்தை வைத்து மனித இதயத்தில் வெற்றிகரமாக அறுவை செய்திருந்தார். அறுவை நடக்கும் நேரத்தில் உடம்பு முழுக்க ரத்தத்தை ஓட்ட ஒரு இயந்திரத்தால் முடியுமென்றால், ஒரு காலுக்கு மட்டும் ஓட்ட முடியாதா? தொடையிடுக்கில் தமனியையும் சிரையையும் பிரித்துக் குழாய் செருகி, இயந்திரத்தோடு இணைத்து, மேலே இறுக்கிக் கட்டி, மெல்ஃபலான் என்ற மருந்தைக் காலுக்குள் மட்டும் சுழலவிட்டார்கள். கட்டிகள் கரைந்தன. அந்தப் பெரியவர் 92 வயது வரை இரண்டு காலோடும் இருந்தார்.

மெல்ஃபலானின் பூர்வீகம் போர்க்களம். தோலில் கொப்புளம் கிளப்பும் மஸ்டர்ட் வாயுவின் உறவுக்காரரான நைட்ரஜன் மஸ்டர்ட் ரத்த வெள்ளணுக்களை அழிப்பதைக் கவனித்த மருத்துவர்கள், இரண்டாம் உலகப் போரின்போது அதைப் புற்றுநோய்க்குத் திருப்பினார்கள். 1950-களில் லண்டன் செஸ்டர் பீட்டி ஆய்வகத்தில் அதோடு ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டினார்கள். மெலனின் தயாரிக்கும் செல்களுக்கு அந்த அமினோ அமிலம் மூலப்பொருள், ஆகவே இரையென்று நினைத்து விழுங்கும் என்பது கணக்கு. கணக்கு முழுதாகப் பலிக்கவில்லை. சாதாரணமாக ஊசியில் ஏற்றினால் மெலனோமாவுக்கு அது பெரிதாக எடுபடாது, எலும்பு மஜ்ஜைதான் முதலில் அடிவாங்கும். ஆனால் மஜ்ஜைக்குப் போகாமல் காலுக்குள் மட்டும் அடைத்து வைத்தால், உடம்பு முழுவதும் தாங்கக்கூடியதைப் போல இருபது மடங்கு வரை செறிவாகக் கொடுக்கலாம்.

அறுவைக்கு முன்பே நர்ஸின் அளவு நாடா வேலையைத் தொடங்கிவிடுகிறது. மருந்தின் அளவை இங்கே உடல் எடை தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது காலின் கன அளவு. தொட்டியில் காலை இறக்கி வழியும் தண்ணீரை அளப்பது ஒரு முறை, சில சென்டிமீட்டருக்கு ஒரு தடவை சுற்றளவு எடுத்துக் கணக்கிடுவது இன்னொரு முறை. காலுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம், கைக்கு 13 என்பது பலரும் பின்பற்றும் அளவு. நாடா ஒரு விரற்கடை நழுவினால் மருந்தும் நழுவும்.

அரங்கில் அந்த ஒரு மணி நேரம் எல்லோர் கவனமும் இரண்டு எண்களில் இருக்கும். முதலாவது கசிவு. மருந்து ஓடும் வட்டத்தில் சிறிதளவு கதிரியக்கத் தடயப்பொருளைக் கலந்து, நெஞ்சுக்கு மேல் ஒரு கதிர் அளவியைப் பிடித்திருப்பார்கள். அளவி கூடுதலாகக் காட்டினால் காலில் இருக்க வேண்டியது உடம்புக்குள் கசிகிறது என்று அர்த்தம். பத்து சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது சூடு. 1960-களில் ஸ்டெலின் என்ற மருத்துவர் ரத்தத்தைச் சூடாக்கிச் செலுத்தினால் மருந்து வேகமாக வேலை செய்வதைக் காட்டினார். இன்று 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். 42-ஐ நெருங்கினால் புற்றுச் செல்லோடு தசையும் வெந்துவிடும்.

தோலுக்கு ஒரு சூட்டு எல்லை உண்டு என்பதை ஆம்பூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதனிடாத பச்சைத் தோலைச் சுடுநீரில் போட்டால் அறுபது டிகிரிக்கு மேல் சுருண்டுவிடும். குரோம் ஏறியதா என்று பார்க்க, குரோமில் பதனிட்ட ஈரத் தோலான வெட் புளூவில் ஒரு துண்டை நறுக்கி, விளிம்பைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, கொதிநீரில் போட்டு எடுத்து மறுபடி காகிதத்தின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். சுருங்கவில்லை என்றால் ஏறிவிட்டது. உயிருள்ள காலுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு இரண்டு டிகிரிதான் இடைவெளி.

1990-களில் சிட்னி மெலனோமா மையத்தில் ஜான் தாம்சன் குழுவினர் இதையே எளிமையாக்கினார்கள். இயந்திரம் இல்லை, தொடையிடுக்கைக் கிழிப்பதும் இல்லை. மற்ற காலின் வழியாக மெல்லிய குழாய்களை நுழைத்து, தொடையில் காற்றுப் பட்டையை இறுக்கி, மருந்து கலந்த ரத்தத்தை ஒருவர் கையால் ஊசிக்குழலில் இழுத்து இழுத்துத் தள்ளுவார். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதியவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் இது தோது, தேவைப்பட்டால் இன்னொரு முறையும் செய்யலாம். கட்டிகள் முழுதாகக் கரைவோர் விகிதம் பழைய முறையைவிடக் குறைவு.

எந்த முறையானாலும் கடைசியில் காலைக் கழுவி, பட்டையைத் தளர்த்தி, நாடி திரும்புகிறதா என்று பார்த்து வார்டுக்கு அனுப்புகிறார்கள். பெருக்கல் குறியின் கதை இங்கே தொடங்குகிறது.

கெண்டைக்காலை நாலு அடுக்குப் பையாக நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தசைக்கூட்டமும் இழுத்தால் நீளாத உறுதியான சவ்வுக்குள் இருக்கிறது. மருந்தும் சூடும் பட்ட தசை வீங்கும். சவ்வு விட்டுக்கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏற ஏற முதலில் சின்ன ரத்தக் குழாய்கள் நசுங்கும், பிறகு நரம்பு, அதன் பிறகு தசை சாகும். தவறவிட்டால் சில மணி நேரத்தில் கால் போய்விடும். கண்டுபிடித்தால், அறுவை நிபுணர் வந்து சவ்வை நீளமாகக் கீறிவிடுவார், தசை வெளியே பிதுங்கி மூச்சு வாங்கும், கால் பிழைக்கும். இதில் பொறி ஒன்று இருக்கிறது. பெரிய தமனியின் நாடி கடைசிவரை துடித்துக்கொண்டேயிருக்கும். ‘பல்ஸ் நல்லா இருக்கு’ என்று சார்ட்டில் எழுதும் நேரத்தில் உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கலாம். அதனால் தேர்ந்த நர்ஸ் நாடியோடு நிற்பதில்லை.

“பாய், கட்டை விரலை மேல தூக்குங்க பாப்போம்.”

“தூக்குறேன் சிஸ்டர். மரத்துப்போன மாதிரி இருக்கு.”

“இப்ப நான் தூக்குறேன். வலிக்குதா?”

அந்தக் கடைசிக் கேள்விதான் மருந்தை விடப் பெரியது. நோயாளி தானாக அசைக்கும்போது வராத வலி, நர்ஸ் விரலை மெல்ல இழுக்கும்போது கெண்டைக்குள் சுரீரென்று வந்தால், அதுதான் முதல் எச்சரிக்கை. காயத்துக்குப் பொருந்தாத வலி, ஊசி போட்ட பிறகும் கூடிக்கொண்டே போகும் வலி, போன மணிக்கும் இந்த மணிக்கும் இடையே வலிமருந்து அதிகம் கேட்பது, கல் போல இறுகிய கெண்டை, முதலிரண்டு விரல்களின் இடுக்கில் தொடு உணர்ச்சி மங்குவது, இவையெல்லாம் நாடிக்கு முந்திப் பேசுபவை. முதுகில் மரத்துப்போக மருந்து கொடுத்திருந்தால் இந்தக் குரல்கள் கேட்காது என்பதையும் நர்ஸ் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆம்பூரில் உருது பேசும் முதியவரிடம் ‘தர்த்’ என்று கேட்கத் தெரிந்தவருக்கு இங்கே பாதி வேலை முடிந்த மாதிரி. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் வந்து குவியும் வேலூரில் வலிக்கான சொல்லை நாலு மொழியில் தெரிந்துகொள்வது உயிர்காக்கும் விஷயம்.

வீக்கம் வடியக் காலைத் தலையணையில் உயர்த்தி வைப்பது வழக்கம். ஆனால் சவ்வுக்குள் அழுத்தம் ஏறுகிறது என்ற சந்தேகம் வந்த கணமே அதே காலை இதய மட்டத்துக்கு இறக்க வேண்டும், ஏனென்றால் உயர்ந்த காலுக்கு ரத்தம் ஏறுவது கடினம். கட்டையும் தளர்த்த வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன் சரியாக இருந்த தலையணை இப்போது தப்பு. டாக்டருக்கு போன் செய்துவிட்டு அவர் வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலை இது.

பாடப் புத்தகங்களில் இன்னொரு சிக்கல். இந்த சிகிச்சைக்குப் பிறகு கால் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பதை வீபர்டிங்க் என்ற டச்சு மருத்துவர் பெயரிலுள்ள ஐந்து படி அளவுகோலில் குறிப்பார்கள். ஒன்று, எந்த மாற்றமும் இல்லை. இரண்டு, லேசான சிவப்பும் வீக்கமும். மூன்று, நல்ல சிவப்பு, கொப்புளம். நான்கு, தோல் உரிந்து ஆழத்திலும் சேதம். ஐந்து, காலை எடுக்க வேண்டிய நிலை. 1982-ல் வெளியான இந்த அளவுகோல் உருவானது வெளுத்த கால்களைப் பார்த்து. மாநிறக் காலில் ‘சிவப்பு’ சிவப்பாகத் தெரியாது. கறுப்பு இன்னும் கறுத்து, ஊதா கலந்து, மேற்பரப்பு எண்ணெய் பூசியது போல மினுங்கும். சில கால்களில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அப்போது நர்ஸ் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். முதலில் நல்ல காலில், பிறகு இந்தக் காலில், அதே உயரத்தில். சூட்டின் வித்தியாசம் புறங்கைக்குத் தெரியும். விரலை அழுத்தி ரத்தம் திரும்பும் நேரத்தை எண்ணுவதும் நகத்தடியிலோ உள்ளங்காலிலோதான் நம் தோலில் தெளிவாகத் தெரியும். தோல் மண்டியில் சரக்குத் தரம் பிரிப்பவர் கண்ணை நம்பாமல் விரலை ஓட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியின் அளவைத் தினமும் பார்ப்பார்கள். தசை சிதைந்தால் அது ஏறும். இயந்திர முறையில் அது முதல் ஓரிரு நாளில் உச்சம் தொடும். சிட்னி முறையில் மூன்றாம் நாள், நாலாம் நாள், சிலருக்கு ஐந்தாம் நாள்கூட ஆகும். இரண்டாம் நாள் கால் அழகாக இருக்கிறதே என்று நோயாளியும் உறவினரும் வீட்டுக்குப் போகத் தயாராவார்கள். நர்ஸ் தயாராக மாட்டார். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் தசைப் புரதம் சிறுநீரகத்தில் அடைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள், உடனே திரவம் ஏற்ற வேண்டும். மருந்து கசிந்திருந்தால் ஒரு வாரத்துக்குப் பிறகு வெள்ளணுக்கள் சரியலாம், அதற்கும் ரத்தப் பரிசோதனை தொடரும்.

இதையெல்லாம்விடக் கஷ்டமானது, அன்பைத் தடுத்து நிறுத்துவது. நம் ஊரில் நோயாளி தனியாக ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. மனைவியோ மகளோ அக்காவோ கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பார். கால் வீங்கியிருந்தால் கை தானாகப் போகும், பிடித்துவிட, நீவிவிட, நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்க்க, வெந்நீர் ஒத்தடம் கொடுக்க. இவை நாலும் இந்தக் காலுக்கு ஆகாது. உணர்ச்சி மங்கிய தோலுக்கு ஒத்தடத்தின் சூடு தெரியாது, வெந்துவிடும். கொப்புளத்தை ஊசியால் குத்தக் கூடாது. பிளாஸ்டர் ஒட்டினால் பிரிக்கும்போது தோலும் வந்துவிடும். குதிகால் மெத்தையில் பட்டபடி இருந்தால் இரண்டு நாளில் புண், அதனால் கெண்டைக்குக் கீழே தலையணை, குதிகால் காற்றில். இந்தக் காலில் ஊசி போடக் கூடாது. ‘தொடாதீங்க’ என்று மட்டும் சொன்னால் அந்த அம்மாவின் கைக்கு வேலை இல்லாமல் போய்விடும், நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் எண்ணெய்க் கிண்ணம் வெளியே வரும். விவரம் தெரிந்த சிஸ்டர் வேறு வேலை கொடுப்பார். நோயாளி மணிக்கு எத்தனை தடவை கணுக்காலை மேலும் கீழும் அசைத்தார் என்று எண்ணச் சொல்வார், சிறுநீரின் அளவை எழுதச் சொல்வார். முதல் இரண்டு நாள் சிறுநீர், வாந்தி எதைத் தொட்டாலும் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்வார், மருந்தின் மிச்சம் அதில் வரக்கூடும் என்பதால். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலைக்கு அவர் வேண்டாம் என்பார்.

பாதத்தைத் தொட்டு நோயைப் படிக்கும் வழக்கம் வேலூருக்குப் புதிதில்லை. மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ல் இங்கே தொடங்கிய சின்ன மருந்தகம் சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்து, 1909-ல் நர்ஸ்களுக்குப் பயிற்சி தந்தது. 1946-ல் நர்சிங் பட்டப் படிப்பு தொடங்கியபோது இந்தியாவில் அப்படிப்பட்ட கல்லூரிகள் இரண்டுதான், டெல்லியில் ஒன்று, வேலூரில் ஒன்று. அதே 1946-ல் பால் பிராண்ட் என்ற அறுவை நிபுணர் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிய காலம். உணர்ச்சியில்லாத காலில் கல் குத்தியதும் செருப்பு கடித்ததும் தெரியாமல் நடந்து நடந்து காயமாவதுதான் காரணம் என்று இங்கேதான் அவர் கண்டார். 1955-ல் வேலூரை அடுத்து எழுந்த காரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்தில் அறுவையோடு செருப்புப் பட்டறையும் நடந்தது. மென்மையான நுண்ணறை ரப்பர் வைத்த செருப்பு அங்கே மருந்துச் சீட்டில் எழுதப்படும் பொருளானது. பாதத்தில் எங்கே சூடு கூடியிருக்கிறதோ அங்கே புண் வரப்போகிறது என்பது பிராண்ட் கடைசிவரை வலியுறுத்திய பாடம். 1960-களில் அவர் வேலூரை விட்டுப் போய்ச் சேர்ந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனை, நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் அதே லூசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றோரம் இருந்தது. தனிக்கால் கீமோதெரபி பிறந்த ஊருக்குப் பக்கத்தில் போய் இவர் உட்கார்ந்தது தற்செயல்தான், ஆனால் இரண்டு வேலைக்கும் கருவி ஒன்று, காலைத் தொடும் கை.

இந்த சிகிச்சை எவ்வளவு தருகிறது என்பதை மிகைப்படுத்தாமல் சொல்வதும் நர்ஸின் பொறுப்பில் வருகிறது, ஏனென்றால் டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து போனபின் நோயாளி கேட்பது அவரிடம்தான். இயந்திர முறையில் செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேல் கட்டிகள் முழுதும் மறைகின்றன, பெரும்பாலோருக்குக் குறைகின்றன. கால் தப்புகிறது. ஆயுள் கூடுமா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. கட்டிகள் திரும்ப முளைப்பதற்கு முன்பே தடுப்பாக இதைச் செய்தால் உயிர் பிழைப்பது கூடுமா என்று 832 பேரிடம் நடந்த ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு 1998-ல் ‘கூடவில்லை’ என்று முடிந்தது. இப்போது நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் மருந்துகள் வந்து மெலனோமா சிகிச்சையின் முகத்தையே மாற்றிவிட்டன. ஆனால் வெயிலால் வரும் வகைக்குப் பலிக்கும் அளவுக்கு உள்ளங்கால் வகைக்கு அவை பலிப்பதில்லை, விலையும் லட்சங்களில். நோய் காலோடு நிற்கும்வரை, காலுக்கு மட்டும் மருந்து என்ற பழைய யோசனைக்கு இடம் இருக்கிறது.

வீட்டுக்குப் போன பின் கால் சில வாரம் பழுத்த இலை போல இருக்கும். தோல் காய்ந்து தாள் தாளாக உரியும், முடி உதிரும், நகம் கழன்று விழலாம், நிறம் ஒரு படி கறுக்கும். கணுக்கால் இறுகிப்போனால் தொழுகையில் மண்டியிட்டு அமர முடியாது, இந்தியக் கழிப்பறையில் குந்த முடியாது. அதனால் வார்டில் எண்ணிய அந்த அசைவுப் பயிற்சி வீட்டிலும் தொடர வேண்டும். கை எட்டும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்துக்கொண்டு மாதம் ஒரு முறை இரண்டு உள்ளங்காலையும் பார்க்கச் சொல்வார்கள், நோய் வராத காலையும் சேர்த்து. தொடையிடுக்கில் கட்டி தட்டுப்படுகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கவும் சொல்லித்தருவார்கள். பேனாக் குறி அதற்குள் உரிந்த தோலோடு போயிருக்கும்.

நிணநீர் வடியாமல் பலருக்கு அந்தக் கால் கொஞ்சம் தடித்தே இருந்துவிடும். பழைய செருப்பில் நுழையாது. நுழைத்தால் வார் அழுந்தி, அந்த அழுத்தம் தெரியாத தோலில் கொப்புளம் வரும். இடது கால் 8, வலது கால் 9 என்று அளவு வரும். ஐரோப்பாவுக்கு ஜோடி ஜோடியாகப் பெட்டியில் அடுக்கி அனுப்பும் ஆம்பூரில், ஒரு கடையிலும் அப்படி ஒரு ஜோடி கிடையாது. இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றில் ஒன்றை எறிய வேண்டும், அல்லது கால் இரண்டையும் காகிதத்தில் தனித்தனியாக வரைந்து அளவெடுக்கும் ஒரு செருப்புப் பட்டறையைத் தேடிப் போக வேண்டும்.